முதல் தவணை ஒழுங்காக வந்துவிடும்

ஈரோட்டில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஜவுளி கம்பெனியில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு மெயில் அனுப்புகிறவர்கள், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், கனடாவில் இருக்கும் பேரனோடு பேச ஆசைப்படும் தாத்தா என்று கலவையான கூட்டம். ஒவ்வொரு செட்டிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "சீட், டூப், ஸ்விண்டில், கான் எல்லாமே ஏமாத்தறதுதானுங் சார்? அப்புறம் எதுக்கு இத்தனை வார்த்தை?"

வகுப்பில் இரண்டு நிமிடத்தில் ஒரு பதில் சொல்லி முடித்துவிடுவேன். உண்மையான பதில் அதைவிட நீளம். அதிலும் 'கான்' என்ற சின்ன வினைச்சொல்லைப் பற்றிப் பேச எனக்கு நிறையவே இருக்கிறது.

முதலில் மற்ற சொற்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 'சீட்' என்பதற்கு ஒரு அரசாங்க உத்தியோகப் பின்னணி உண்டு. வாரிசு இல்லாமல் ஒருவர் இறந்துபோனால் அவருடைய நிலம் அரசனுக்குப் போய்ச் சேரும். அதற்கு 'எஸ்சீட்' என்று பெயர். நம் அரசியல் சட்டத்தின் 296-வது பிரிவில் இன்றும் இருக்கிற சொல்தான். இடைக்கால இங்கிலாந்தில் அந்த நிலங்களைக் கணக்கெடுக்க 'எஸ்சீட்டர்' என்ற அதிகாரிகள் இருந்தார்கள். வாரிசு இருக்கிற நிலத்தையும் இல்லை என்று எழுதி எடுத்துக்கொண்டார்கள் என்று ஜனங்களுக்குக் கடும் கோபம். அந்தப் பதவிப் பெயர் தேய்ந்துதான் ஏமாற்றுக்காரனுக்கான சொல்லாகிப் போனது. தாசில்தார் ஆபீசில் வரிசையில் நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

'டூப்' ஒரு பறவையிலிருந்து வந்தது. நம் ஊரில் கொண்டலாத்தி என்கிறோமே, தலையில் விசிறி மாதிரி கொண்டை வைத்துக்கொண்டு புல்வெளியில் கொத்திக்கொண்டு திரியுமே, அதுதான். பிரெஞ்சுக்காரர்கள் அதை முட்டாள் பறவை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாவம், அது என்ன செய்தது என்று தெரியவில்லை. 'ஹுட்விங்க்' என்றால் முதலில் நிஜமாகவே துணியால் கண்ணைக் கட்டுவது. 'ஸ்விண்டில்' ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. அங்கே 'ஷ்விண்டல்' என்றால் தலைசுற்றல் என்றும் பொருள்.

இனி 'கான்'. சி, ஓ, என். மூன்றே எழுத்து. முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு விஷயத்தின் சாதக பாதகங்களை 'ப்ரோஸ் அண்ட் கான்ஸ்' என்கிறார்களே, அந்த 'கான்' வேறு. அது 'எதிராக' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வால். ஜெயிலுக்குப் போய்வந்தவரை 'எக்ஸ்-கான்' என்பது 'கன்விக்ட்' என்பதன் சுருக்கம். நான் சொல்கிற 'கான்', 'கான்ஃபிடன்ஸ்' என்ற சொல்லின் தலை. இன்றைக்கு நம் ஊரில் கான்ஃபிடன்ஸ் என்றால் இன்டர்வியூவுக்குப் போகிற பையனுக்கு வேண்டிய தன்னம்பிக்கை. அதற்கு இன்னொரு பொருள், மற்றவர் மேல் வைக்கிற நம்பிக்கை. 'கான்' பிறந்தது அந்த இரண்டாவது பொருளில்தான். பிறந்த ஊரும் ஆண்டும் தெரியும்: நியூயார்க், 1849.

அந்த ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி 'நியூயார்க் ஹெரால்ட்' நாளிதழ் ஒரு கைதுச் செய்தியைப் போட்டது. பிடிபட்டவன் வில்லியம் தாம்சன் என்ற பெயரில் உலவியவன். வேறு பெயர்களும் வைத்திருந்தான். நாகரிகமாக உடுத்திக்கொண்டு தெருவில் வசதியான ஆளாகப் பார்த்து நெருங்குவான். ஏற்கெனவே பழகியவன்போல் நலம் விசாரிப்பான். கொஞ்ச நேரம் பேச்சு ஓடும். அப்புறம் கேட்பான்: "உங்கள் கடிகாரத்தை நாளை வரைக்கும் என்னிடம் கொடுத்து வைக்கிற அளவுக்கு என் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?" அவ்வளவுதான். கத்தி கிடையாது, கதை கிடையாது. கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டு சிரித்தபடி நடையைக் கட்டிவிடுவான். அப்படிப் பறிபோன ஒரு தங்கக் கடிகாரத்தின் விலை 110 டாலர். பறிகொடுத்தவர் சில வாரம் கழித்து அவனை வேறொரு தெருவில் பார்த்துவிட்டுப் போலீஸ்காரரைக் கூப்பிட்டதால்தான் ஆள் சிக்கினான். பத்திரிகை அவனுக்கு வைத்த பெயர் 'கான்ஃபிடன்ஸ் மேன்'. அந்தப் பெயர் ஊருக்குப் பிடித்துப்போய், எட்டே ஆண்டில் ஹெர்மன் மெல்வில் அதையே தலைப்பாக வைத்து ஒரு நாவல் எழுதினார். பிறகு 'கான் மேன்' என்று சுருங்கி, கடைசியில் வெறும் 'கான்' வினைச்சொல்லாக நின்றது.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் வருகிற முதல் எண்ணம், 'எந்த மடையன் கேட்டவுடனே கடிகாரத்தைக் கழற்றிக் கொடுப்பான்?' செய்தியை நிதானமாகப் படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. எதிராளி யாரோ பழைய சிநேகிதன், தனக்குத்தான் சட்டென்று ஞாபகம் வரவில்லை என்று அந்த மனிதர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு வரும்போது ஒருவர் தோளில் தட்டி, "என்ன மாப்ள, என்னை யாருன்னு தெரியுதா?" என்பார். சத்தியமாகத் தெரியாது. ஆனால் வாய் தானாகவே, "அதெப்படி மாமா தெரியாம இருக்கும்!" என்று சொல்லும். அதற்கப்புறம் பத்து நிமிடம் அவர் யார் என்று தெரியாமலேயே அவருடைய பையனின் படிப்பு, அவருடைய மூட்டுவலி எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டிருப்போம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவர் ஐந்நூறு ரூபாய் கைமாற்று கேட்டால் மறுக்க முடியுமா? தாம்சன் பயன்படுத்தியது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். இப்போதும் போனில் இதே வேலை நடக்கிறது. "அத்தை, யார் பேசறேன்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்று ஒரு குரல். "யாரு, சிவாவா?" என்று அத்தையே ஒரு பெயரை எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்த நொடியிலிருந்து அவன் சிவா.

நம் நாளிதழ்களுக்கு இந்த மாதிரிச் செய்திகளுக்கென்றே ஒரு தலைப்பு உண்டு: 'நூதன முறையில் மோசடி'. 1849-லேயே பழசாகிப்போன வித்தைக்கும் நூதனம் என்றுதான் போடுவார்கள். உள்ளே 'ஆசை வார்த்தை கூறி' என்று இருக்கும், 'நைசாகப் பேசி' என்று இருக்கும். கேலி செய்யவில்லை. 'நைசாகப் பேசி' என்பது 'கான்' என்ற சொல்லுக்கு மிக அருகில் வருகிறது. அகராதி போடுகிற 'ஏமாற்று' அவ்வளவு அருகில் வருவதில்லை.

ஏனென்றால் ஏமாற்றுகிற எல்லா வேலையும் 'கான்' ஆகாது. பரீட்சையில் பிட் அடித்தால் அது 'சீட்'. எடைக்கல்லில் கை வைத்தால் 'சீட்'. மீட்டரில் சூடு வைத்தாலும் 'சீட்'. இதிலெல்லாம் யாரும் யாரிடமும் நம்பிக்கை சம்பாதிக்கவில்லை. 'கான்' பண்ண எதிரே ஒரு மனிதர் இருக்க வேண்டும், அவருக்கு நம்புகிற மனசு இருக்க வேண்டும். அதனால்தான் இந்த வினைச்சொல்லுக்குச் செயப்படுபொருள் தேவைப்படுகிறது. 'ஹி சீட்ஸ்' என்று நிறுத்தலாம். 'ஹி கான்ஸ்' என்று நிறுத்தினால் காது அடுத்ததை எதிர்பார்க்கும்: யாரை?

அப்புறம் வருகிற துணைச்சொற்கள். ஒருவரிடமிருந்து பணத்தைக் கறந்தால் 'அவுட் ஆஃப்': 'ஷி வாஸ் கான்ட் அவுட் ஆஃப் டூ லேக்ஸ்'. ஒருவரை ஒரு காரியம் செய்ய வைத்தால் 'இன்டு': 'தே கான்ட் ஹிம் இன்டு சைனிங்'. நம் ஆங்கிலப் பத்திரிகைகள் வெறும் 'ஆஃப்' போட்டு, இத்தனை லட்சம் 'டூப்ட் ஆஃப்' என்று எழுதிப் பழகிவிட்டன. இந்திய ஆங்கிலத்தில் அது நிலைத்துவிட்டது. அதைத் திருத்தச் சொல்லி நான் யாரையும் பிடித்து உலுக்குவதில்லை. வெளிநாட்டுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் சொல்லிவைப்பேன். இறந்தகாலத்தில் 'என்' இரட்டிக்கும் என்பதையும் சேர்த்து. விளையாட்டாகவும் சொல்லலாம். விருந்துக்குப் போன இடத்தில் நைசாகப் பேசிப் பாத்திரம் கழுவ வைத்துவிட்டார்கள் என்றால், 'ஐ காட் கான்ட் இன்டு வாஷிங் அப்'. நிஜ மோசடிக்கும் சிநேகிதச் சீண்டலுக்கும் ஒரே சொல். பொதுவான அம்சம் ஒன்றுதான்: கடைசியில் நம் கையாலேயே செய்திருப்போம்.

நம் சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. திருட்டு என்றால், உரியவரின் சம்மதம் இல்லாமல் பொருளை எடுப்பது. ஏமாற்று என்றால், பொய்யான எண்ணத்தை உண்டாக்கி, உரியவரே பொருளை ஒப்படைக்கும்படி தூண்டுவது. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு அதற்கு ஏழாண்டு வரை சிறை என்றது. நாமெல்லாம் 'ஃபோர் ட்வென்டி' என்று திட்டிப் பழகிய அதே பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318-வது பிரிவின் நான்காவது உட்பிரிவாகிவிட்டது. 'சரியான முந்நூத்திப் பதினெட்டுடா அவன்' என்று இன்னும் யாரும் சொல்லக் கேட்கவில்லை. வாயில் நுழைய இன்னும் ஒரு தலைமுறை ஆகும்.

சரி, நம்மையே எடுத்துக் கொடுக்க வைக்க அவன் என்ன செய்கிறான்? என் பதில்: அவன் முதலில் கொடுக்கிறான்.

சார்லஸ் போன்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியிலிருந்து அமெரிக்கா போனவர். 1920-இன் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் ஒரு சிறிய அலுவலகம் திறந்தார். பணம் போட்டால் 45 நாளில் 50 சதவீதம் லாபம் என்றார். காரணம் கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரு காரணமும் இருந்தது: தபால் பதில் கூப்பன். ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் கூப்பன் அது. முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய நாணயங்கள் விழுந்துகிடந்ததால், அங்கே மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றினால் உண்மையிலேயே லாபம் உண்டு. சட்ட விரோதமும் இல்லை. அந்தச் சின்ன உண்மையின் மேல்தான் மொத்தப் பொய்யும் உட்கார்ந்திருந்தது. க்ளாரன்ஸ் பாரன் என்ற பொருளாதாரப் பத்திரிகையாளர் கணக்கு போட்டுப் பார்த்தார். போன்ஸி வாங்கிய பணத்துக்கு 16 கோடி கூப்பன்கள் புழங்க வேண்டும். உலகில் புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27,000.

ஆனால் கூப்பன் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சந்தேகச் செய்தி வந்ததும் கூட்டம் பணத்தைத் திரும்பக் கேட்டு அலுவலகத்தை முற்றுகையிட்டது. போன்ஸி ஓடி ஒளியவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் காபியும் டோனட்டும் கொடுத்தார். கேட்டவர்களுக்குப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு, "இவரிடமே இருக்கட்டும்" என்று திரும்பிப் போனவர்கள் பலர். 1920 ஆகஸ்டில் கைதானார். 1949-இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இறந்தார். புதிதாகச் சேர்கிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபமாகக் கொடுக்கும் மோசடி வகைக்கே இன்று அவர் பெயர்தான்.

இதற்கு பாஸ்டன் வரை போக வேண்டியதில்லை. எங்கள் ஈரோட்டிலிருந்து பஸ் ஏறினால் பெருந்துறை. 2012 வரை அந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் ஈமு கோழி விளம்பரம்தான். என் சித்தப்பா தோட்டத்திலும் ஒரு கொட்டகை இருந்தது. ஆள் உயரத்துக்குக் கம்பிவலை, உள்ளே தூசியும் இறகும், பக்கத்தில் தீவனத் தொட்டி. ஈமு கத்தும் என்று எதிர்பார்த்துப் போனால் கத்தாது. பெட்டைக்குத் தொண்டைக்குள்ளிருந்து 'டும்... டும்...' என்று பறை தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். முட்டை கரும்பச்சை நிறம். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வரும். சித்தப்பாவுக்கு அதில் ஒரு பெருமை.

அப்போது புழங்கிய ஒரு திட்டம் இப்படி: ஒன்றரை லட்ச ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு தருவார்கள். கொட்டகை, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி செலவு. வளர்ப்பவருக்கு மாதம் 6,000 ரூபாய், வருடக் கடைசியில் 20,000 போனஸ், இரண்டு வருடம் கழித்துப் போட்ட பணமும் திரும்ப வரும். நான் பேப்பரில் கூட்டிப் பார்த்துவிட்டு, வருடத்துக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் வருகிறதே, இது எப்படி முடியும் என்று கேட்டேன். சித்தப்பா பாஸ்புக்கை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் வரிசையாக ஆறாயிரம், ஆறாயிரம் என்று பதிவு.

"உன்ற கணக்கு பேப்பர்ல இருக்குது கண்ணு. இது பேங்க்ல இருக்குது."

நான் மேற்கொண்டு பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவர் கையில் இருந்தது நிஜப் பணம்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். "சும்மா குடுக்கறானா? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு தீவனம் வெக்கறது யாரு, சாணி அள்ளறது யாரு?" அவரைப் பொறுத்தவரை ஆறாயிரம் என்பது வட்டி கிடையாது, கூலி. மாடு வைத்திருந்தவர், பட்டி வேலை தெரிந்தவர். உழைப்புக்கு வருகிற காசை எந்த விவசாயி சந்தேகப்படுவான்? வட்டிக்குக் கூலி வேஷம் கட்டிவிட்டதுதான் அந்தத் திட்டத்தின் சாமர்த்தியம். ஈமு கறியை வாங்கித் தின்ன ஆளே இல்லை, எண்ணெய்க்கும் சந்தை இல்லை, இன்று வருகிற ஆறாயிரம் நாளை சேரப்போகிறவனின் ஒன்றரை லட்சத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் அந்தக் கம்பிவலைக்குள்ளிருந்து பார்த்தால் தெரியாது.

ஒரு யூனிட்டோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பார். சில மாதம் பணம் ஒழுங்காக வந்ததைப் பார்த்துவிட்டு, சித்தியின் நகையை அடகு வைத்து இன்னொரு யூனிட் எடுத்தார். 2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. தீவனம் நின்றுபோய்ப் பறவைகள் பட்டினியில் சாக, கடைசியில் கால்நடைத் துறை தலையிட்டுத் தீனி போட வேண்டி வந்தது. முதலீட்டாளர் நலனுக்காக 1997-இலேயே தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் கீழ் வழக்கு, சொத்து முடக்கம், கோவை தனி நீதிமன்றம் என்று அது வேறு கதை.

ஊரில் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: பேராசை பெருநஷ்டம். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. பேராசைக்காரன் முதல் நாளே இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டுவான். சித்தப்பா அப்படிச் செய்யவில்லை. கொஞ்சம் போட்டார், காத்திருந்தார், சரிபார்த்தார், பணம் வந்தது, அப்புறம்தான் அதிகம் போட்டார். ஜாக்கிரதையான மனிதர் செய்ய வேண்டியது இதுதானே? நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதுதானே? 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்கிறது குறள். ஆராயாமல் நம்பாதே, நம்பியபின் சந்தேகப்படாதே. சித்தப்பா இரண்டையும் கடைப்பிடித்தார். ஆராய்ந்தார், பிறகு நம்பினார். சிக்கல் என்னவென்றால், அவர் எழுதிய பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரித்தது எதிராளி. விடைத்தாளைத் திருத்தி நூற்றுக்கு நூறு போட்டதும் அவனே.

ஆசை ஒரு பங்கு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆசையைத் தூண்டிவிட்டால் மட்டும் பெரிய தொகை வராது. ஜாக்கிரதையைத் திருப்திப்படுத்தினால்தான் வரும். நியூயார்க்கில் முதலீட்டு நிறுவனம் நடத்தி ஏமாற்றிய பெர்னி மேடாஃப் வாரி வழங்குவதாக யாருக்கும் ஆசை காட்டவில்லை. ஏறாமல் இறங்காமல் ஆண்டுக்குப் பத்துச் சொச்சம் சதவீதம் காட்டினார், அவ்வளவுதான். அதுவும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று பிகு பண்ணினார். விஷயம் தெரிந்தவர்கள், தர்ம ஸ்தாபனங்கள் எல்லாம் அதில் விழுந்தன. 2008 டிசம்பரில் கைதாகி, அடுத்த ஆண்டு 150 வருடச் சிறைத்தண்டனை வாங்கினார்.

ஈஃபிள் கோபுரத்தை விற்றவன் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். விக்டர் லுஸ்டிக். 1925-இல் பாரிசின் பெரிய ஹோட்டல் ஒன்றில் பழைய இரும்பு வியாபாரிகளைக் கூட்டி, கோபுரத்தைப் பராமரிக்க முடியவில்லை, அரசாங்கம் ரகசியமாகப் பிரித்து விற்கப்போகிறது என்றான் என்பது கதை. அதில் எனக்குப் பிடித்த இடம் விற்பனை இல்லை. ஒரு வியாபாரிக்குச் சந்தேகம் தட்டியதாம். இந்த அதிகாரி ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார், ஏன் ஆபீசுக்கு வரச் சொல்லாமல் ஹோட்டலில் பேசுகிறார் என்று. லுஸ்டிக் உடனே குரலைத் தாழ்த்தி, அரசாங்கச் சம்பளம் போதவில்லை என்று மூக்கால் அழுது, சூசகமாக லஞ்சம் கேட்டான். வியாபாரிக்குச் சந்தேகம் பறந்துபோனது. லஞ்சம் கேட்கிறான் என்றால் ஒரிஜினல் அதிகாரிதான்! இதைவிடக் கூர்மையாக ஜாக்கிரதையைப் பயன்படுத்திக்கொண்டவனை நான் கேள்விப்பட்டதில்லை. பணம் போனபின் அந்த வியாபாரி போலீசுக்கும் போகவில்லையாம். வெட்கம். அந்தத் தைரியத்தில் லுஸ்டிக் இரண்டாவது முறையும் விற்கப் பார்த்தான் என்கிறார்கள். பிற்பாடு அமெரிக்காவில் கள்ளநோட்டு வழக்கில் சிக்கி அல்கட்ராஸ் சிறைக்குப் போனான்.

அந்த வெட்கம் தற்செயலாக வருவதும் இல்லை. தொழில் தெரிந்த கூட்டங்கள் அதற்கென்று தனியாக ஒரு ஆளை வைத்திருக்கும். ஏமாறப்போகிறவருக்கு அவர்கள் பாஷையில் 'மார்க்' என்று பெயர். காரியம் முடிந்தபின் மார்க்கை ஆற்றுப்படுத்தி, கொதிப்பைத் தணித்து, புகார் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பிவைப்பது அந்த ஆளின் வேலை. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1952-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட்தான் கண்முன் வந்தார். தூரத்துச் சொந்தம் வேறு. "மாமா, நானும்தான் போட்டிருக்கறன். எனக்கும்தான் போச்சு. இப்பப் போய் கேஸ் கீஸுன்னு நின்னா வர்றதும் வராம போயிரும், கொஞ்சம் பொறுங்க." சித்தப்பா பொறுத்தார். அந்த ஏஜென்ட் கூட்டாளியா, அவரும் ஏமாந்தவரா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அனேகமாக இரண்டும்தான். இந்த மாதிரித் திட்டங்களில் நடு அடுக்கில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பாத்திரமும் ஏற்றிருப்பார்கள்.

இன்றைக்கு இதெல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. டெலிகிராமில் பகுதிநேர வேலை: ஹோட்டலுக்கு நட்சத்திரம் போடுங்கள், வீடியோவுக்கு லைக் போடுங்கள், 150 ரூபாய். கணக்கில் 150 உண்மையாகவே ஏறும். அடுத்து ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. அதுவும் ஏறும். இருபதாயிரம், ஐம்பதாயிரம் என்று போனபின் திரையில் லாபம் தெரியும், எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் 'வரி' கட்டு என்பார்கள். குழுவில் இன்னும் ஐம்பது பேர் "எனக்கு வந்துவிட்டது" என்று ஸ்க்ரீன்ஷாட் போட்டுக்கொண்டிருப்பார்கள். அத்தனையும் அவர்கள் ஆட்களே. ஆங்கிலத்தில் இப்படிக் கூட்டத்தில் நின்று ஜால்ரா தட்டுகிறவனுக்கு 'ஷில்' என்று பெயர். நம் ஊர் மூணுசீட்டுக்காரன் பக்கத்தில் நின்றுகொண்டு முதலில் ஜெயிக்கிறானே, அவன்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' மட்டும் இந்தக் கணக்கில் சேராது என்று ஒரு மாணவர் வாதாடினார். சிபிஐ என்கிறான், வீடியோ காலில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கிறான், மிரட்டுகிறான், இதில் நம்பிக்கை எங்கே, முதலில் கொடுப்பது எங்கே என்றார். நல்ல கேள்வி. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரித்த விஷயம் இது. அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. என் பதில்: அங்கேயும் ஒன்றைக் கொடுக்கிறார்கள். முதல் ஆள் மிரட்டுவான். இரண்டாவதாக வருகிற 'மேலதிகாரி' பரிவாகப் பேசுவான். "உங்களைப் பார்த்தால் தப்பு செய்தவர் மாதிரித் தெரியவில்லை, நான் உதவுகிறேன், பணத்தைச் சரிபார்ப்புக்கு அனுப்புங்கள், திருப்பித் தந்துவிடுவோம்." பணம் கைமாறுவது அந்த இரண்டாவது ஆளிடம்தான். மிரட்டியவனை யாரும் நம்பவில்லை. காப்பாற்ற வந்தவனை நம்பினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'கான்' தாராளமாகப் பொருந்தும்.

தமிழில் இதைச் சொல்லும்போது ஒரு சங்கடம் உண்டு. "ஏமாந்துட்டேன்" என்கிறோம். வாக்கியத்தில் இருப்பது நான் மட்டும், ஏமாற்றியவன் அதில் தலையே காட்டுவதில்லை. சித்தப்பா கடைசிவரை "ஏமாந்துட்டன் கண்ணு" என்றுதான் சொன்னார், "ஏமாத்திட்டானுங்க" என்று ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை. ஊரும் அதைத்தான் விரும்பியது.

எப்படியோ, வகுப்பில் இப்போது இந்தப் பாடத்தோடு ஒரு பயிற்சியும் சேர்த்திருக்கிறேன்: ஆங்கிலத்தில் புகார்க் கடிதம். முதல் விதி, புகாரில் 'கான்' என்று எழுதக் கூடாது. அது பேச்சுக்கும் பத்திரிகைத் தலைப்புக்கும் உள்ள சொல். புகாரில் 'சீட்டட்' என்று எழுதுங்கள், என்ன பொய் சொன்னான் என்று எழுதுங்கள், அதை நம்பியதால்தான் பணத்தை அனுப்பினேன் என்று 'இன்டியூஸ்ட்' என்ற சொல்லோடு எழுதுங்கள். சட்டப் பிரிவில் இருப்பதும் அதுதான். எழுவாய் அவனாக இருக்கட்டும். ஆன்லைனில் போன பணமென்றால் கடிதம் எல்லாம் அப்புறம், முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் அடியுங்கள். அவர்கள் கேட்பது நான்கைந்து விவரம்தான்: எந்த வங்கி, எவ்வளவு தொகை, எத்தனை மணிக்குப் போனது, யாருடைய கணக்குக்குப் போனது, பரிவர்த்தனையின் யூடிஆர் எண். அந்த எண் வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியிலேயே இருக்கும், அதனால் வெறுப்பில் எதையும் டெலீட் செய்துவிட வேண்டாம்.